புற்றரைத் தீயும் வளிமண்டலக் கணக்கும்

ஐம்பூதங்களுள் மனிதன் தன் கையால் மூட்டவும் அவிக்கவும் வல்லது தீ ஒன்றே. நிலத்தையும் நீரையும் வளியையும் வானையும் அவன் உள்ளவாறே பெற்றான். தீயையோ தான் விரும்பிய இடத்தில், விரும்பிய வேளையில் உண்டாக்கினான். குறிஞ்சி நிலத்து மக்கள் காட்டைச் சுட்டுப் புனமாக்கித் தினை விதைத்த செய்தியைப் பழந்தமிழ்ப் பாடல்கள் கூறுகின்றன. காண்டவ வனம் எரிந்த கதையைப் பாரதம் கூறுகின்றது. தீயிட்டு நிலந்திருத்தும் வழக்கம் அத்துணைப் பழைமை வாய்ந்தது. ஆயின், அத்தீயினின்று எழுந்த புகை வளிமண்டலத்தில் எதனை விட்டுச் சென்றது? அவ்வாறு விட்டுச் சென்றது காலப்போக்கிற் கூடியதா, குறைந்ததா? இவை அண்மைக் காலத்தில் எழுந்த வினாக்கள். அறிவியல் இவற்றிற்கு இன்று தரும் விடையை, அக்கரைப்பற்றுக்கு மேற்கே கிடக்கும் புற்றரைகளை முன்னிறுத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலகம் வெப்பமடைதல் பற்றிப் பேச்செழும்போது, கண்ணுக்குத் தெரியும் புகையை முதற் குற்றவாளியாக்குதல் எளிது. வறட்காலத்தில் மேற்கே புகை எழக் காண்போர் பட்டிக்காரரையும் சேனைக்காரரையும் உடனே பழிப்பர். அப்பழி எவ்வளவு பொருந்தும் என்பது கணக்கிட்டுப் பார்த்தாலன்றித் தெரியாது. கணக்கிட்டுப் பார்க்குங்கால், தீயைப் பற்றி மட்டுமன்றி, தீ நின்றபின் அந்நிலத்தில் நாம் செய்வதைப் பற்றியும் சிந்திக்க வேண்டியவராகின்றோம்.

சவன்னாவும் தமனவும்

தரையெங்கும் புல் செறிந்திருக்க, மரங்கள் இடைவிட்டு நிற்கும் வெப்பவலய நிலமே சவன்னா எனப்படுவது. மழைக்காலத்தில் அங்கே புல் ஆளுயரம் வளரும். வறட்காலத்தில் அது காய்ந்து சருகாகும். இவ்வாறு எரிபொருள் ஆண்டுதோறும் விளைந்து ஆண்டுதோறும் உலர்வதனால், சவன்னாவைப் போல அடிக்கடி எரியும் நிலம் உலகில் வேறில்லை. ஆபிரிக்காவே இதன் பெருநிலமாகும். வட அவுஸ்திரேலியாவும் பிரேசிலும் அதற்கு அடுத்தவை.

இலங்கையில் இத்தகைய நிலம் சிறிதளவே உண்டு. ஊவா மலையடிவாரத்தில் அதனைத் ‘தலாவ’ என்றும், கிழக்குத் தாழ்நிலத்தில் ‘தமன’ என்றும் சிங்கள மக்கள் வழங்குவர். அம்பாறை மாவட்டத்துப் பிரதேசமொன்றின் பெயராகவும் பின்னைய சொல் நிலைத்துள்ளது. 1954ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கல்லோயா தேசிய பூங்காவிலும், அதனை அடுத்துள்ள நில்கலைப் பகுதியிலும் இந்நிலத்தை இன்றும் காணலாம். இலுக்கும் மானாவும் அங்கு மிகுந்து வளரும் புற்கள். அவற்றினிடையே நிற்கும் மரங்களுள் முதன்மையானவை கடுக்காய், தான்றி, நெல்லி என்பன. மருத்துவர் திரிபலை எனப் போற்றும் மூன்று கனிகளின் மரங்களும் ஒருங்கே வளர்வதைக் கண்ட முன்னோர், நில்கலையைப் புத்ததாச மன்னனின் மூலிகைத் தோட்டம் எனக் கூறிவந்தனர்.

இம்மூன்றும் வேங்கையும் ஒருங்கு நிற்பதற்குத் தீயே பெருங்காரணம். தடித்த மரப்பட்டை உள்ளிருக்கும் உயிர்ப்படையை வெப்பத்தினின்று காக்கின்றது. மேற்பகுதி கருகினும் அடியினின்று புதுத்தளிர் விடும் ஆற்றலும் இவற்றிற்கு உண்டு. மெல்லிய பட்டையுடைய காட்டு மரக்கன்றுகளோ ஒரே தீயில் மடிகின்றன. புல்லின் வேரும் முளையும் மண்ணுக்குள் இருத்தலால் எரிந்த சில வாரங்களில் நிலம் மீண்டும் பசுமையாகும். இவ்வாறு பன்னெடுங்காலம் தீ தெரிந்தெடுத்த தாவரக் கூட்டமே இப்புற்றரையாகும்.

இங்கே தீ பெரும்பாலும் மனிதர் இடுவதேயாகும். வடகீழ்ப் பருவமழை தை மாதத்தோடு தணிந்தபின் படிப்படியே நிலம் உலர்கின்றது. வைகாசி தொடக்கம் ஆவணி வரை மலைகளைக் கடந்து மேற்கினின்று வீசும் கச்சான் காற்று புல்லின் ஈரத்தை முற்றும் உறிஞ்சிவிடும். அக்காலத்தில் பட்டிக்காரர் மாடுகளுக்கு இளம்புல் வேண்டியும், வேட்டையாடுவோர் தளிர்மேய வரும் மான்மரைகளை வேண்டியும், சேனை செய்வோர் நிலந்திருத்த வேண்டியும் தீயிடுவர். காப்பு நிலங்களில் தீயிடுதல் சட்டப்படி குற்றமாயினும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை.

புகையின் உட்கூறு

உலர்ந்த புல்லின் நிறையில் ஏறத்தாழப் பாதி காபன் ஆகும். வளிமண்டலத்திலிருந்து ஒளித்தொகுப்பின் வழியே புல் அதனைப் பெற்றது. புல் எரியும்போது அக்காபனிற் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாக வளியிற் கலக்கின்றது. அடுத்த மழையில் முளைக்கும் புல், ஏறத்தாழ அதே அளவினை மீண்டும் உள்வாங்குகின்றது. ஆதலின், ஆண்டுதோறும் எரிந்து ஆண்டுதோறும் முளைக்கும் புற்றரையினின்று எழும் காபனீரொட்சைட்டைக் கடனாகப் பெற்றுத் திருப்பிக் கொடுத்த பொருளுக்கு ஒப்பிடலாம். நிலத்தின் கீழ்ப் பலகோடி ஆண்டுகள் கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 1996ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட கணக்கீட்டு வழிகாட்டி, சவன்னாத் தீயின் காபனீரொட்சைட்டை நாடுகளின் கணக்கிற் சேர்க்காது விட்டமைக்குக் காரணமும் இதுவே.

ஆயினும் தகனம் எங்கும் முழுமையாக நடைபெறுவதில்லை. சுவாலை விட்டெரியும் இடத்தில் ஒட்சிசன் போதிய அளவு கிடைக்கின்றது. சுவாலையின்றிப் புகைந்து கனலும் இடத்தில் கிடைப்பதில்லை. அங்கே காபனோரொட்சைட்டும் மெதேனும் பிறக்கின்றன. புல்லிலுள்ள நைதரசனில் ஒரு சிறுபகுதி நைதரசு ஒட்சைட்டாக மாறுகின்றது. முளைக்கும் புல் மெதேனையும் நைதரசு ஒட்சைட்டையும் ஒளித்தொகுப்பினால் திரும்ப எடுப்பதில்லை. மெதேன் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளும், நைதரசு ஒட்சைட்டு நூறு ஆண்டுக்கு மேலும் வளியில் நின்று வெப்பத்தைத் தடுக்கின்றன. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோகிராம் மெதேன் 28 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கும், ஒரு கிலோகிராம் நைதரசு ஒட்சைட்டு 265 கிலோகிராமுக்கும் ஒப்பென மேற்படி குழுவின் ஐந்தாம் மதிப்பீட்டறிக்கை கொள்கின்றது. புற்றரைத் தீயைப் பொறுத்தவரை நாம் நோக்க வேண்டிய பச்சைவீட்டு வாயுக்கள் இவ்விரண்டுமே.

ஓர் எளிய கணக்கினால் இதனைத் தெளிவாக்கலாம். ஒரு ஹெக்டேயர் புற்றரையில் ஐந்து தொன் உலர்புல் இருந்து, அதில் நான்கு தொன் எரிந்தது எனக் கொள்வோம். 2006ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, சவன்னாவில் ஒரு கிலோகிராம் உலர்பொருள் எரியும்போது 1613 கிராம் காபனீரொட்சைட்டும், 2.3 கிராம் மெதேனும், 0.21 கிராம் நைதரசு ஒட்சைட்டும் வெளியாகின்றன. எனவே நம் ஹெக்டேயரினின்று எழுவன: காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 6450 கிலோகிராம்; மெதேன் 9.2 கிலோகிராம், நைதரசு ஒட்சைட்டு 0.84 கிலோகிராம். முதலாவது புல்லோடு மீள்வது. பின்னைய இரண்டின் வெப்ப விளைவைக் கூட்டினால் ஏறத்தாழ 480 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு ஒப்பாகும். கண்ணை மறைக்கும் அப்பெரும் புகையில், வளிமண்டலத்திற்கு நெடுநாட் சுமையாக எஞ்சுவது இவ்வளவே.

இங்கு ஒரு நிபந்தனையை மறத்தலாகாது. எரிந்தது மீள முளைத்தாலன்றி முன் சொன்ன கடன் தீராது. ஆண்டுக்காண்டு கடுந்தீ பரவி, நெல்லிக்கன்றும் கடுக்காய்க்கன்றும் வளருமுன்னரே மடிந்து, மழை மண்ணை அரித்துச் செல்லுமாயின், அந்நிலத்தின் காபன் இருப்புக் குறைந்துகொண்டே போகும். பெருங்காடு எரிந்து வெளியாகுமிடத்தும், ஆயிரமாண்டுகள் சேர்ந்த முற்றா நிலக்கரி மண் எரியுமிடத்தும் இந்தச் சமன் பொருந்தாது.

காலந்தோறும் தீ

புற்றரைத் தீ வளிமண்டலத்தின் அமைப்பை மாற்ற வல்லது என்பதை 1979ஆம் ஆண்டில் போல் குறுட்சன் முதலானோர் எழுதிய ஆய்வுக் கட்டுரை உலகறியச் செய்தது. ஓசோன் பற்றிய ஆய்வுக்காக 1995இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே. அதற்கு முந்திய காலத்துத் தீயை அளந்தவர் எவருமிலர். எனினும் அதன் சுவடு பனிக்கட்டியிற் பதிந்துள்ளது. அந்தாட்டிக்காவில் ஆண்டுதோறும் விழும் பனி இறுகும்போது, அவ்வக்காலத்து வளி சிறுகுமிழிகளாக அதனுட் சிறைப்படுகின்றது. அக்குமிழியிலுள்ள மெதேனின் அளவை மட்டுமன்றி, அதன் காபன் எவ்வகைச் சமதானியாலானது என்பதையும் ஆய்வாளர் அளக்கின்றனர். சேற்று நிலத்து நுண்ணுயிர்கள் ஆக்கும் மெதேனில் பாரமான காபன்-13 குறைந்திருக்கும்; தீயிற் பிறந்த மெதேனில் அது மிகுந்திருக்கும். எனவே இவ்விகிதம், மெதேன் எங்கே பிறந்தது என்பதற்குச் சான்றாகின்றது.

லோ டோம் என்னுமிடத்துப் பனிக்கட்டியை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. கடந்த ஈராயிரம் ஆண்டுகளுள் முதலாயிரத்தில் தீயினால் எழுந்த மெதேன் மிகுந்திருந்தது என்றும், பின்னர் பதினெட்டாம் நூற்றாண்டு வரை அது குறைந்து வந்தது என்றும் அவ்வாய்வாளர் கணித்தனர். மக்கள் தொகை பெருகப் பெருகத் தீயும் பெருகியிருக்கும் என்னும் பொதுவான எண்ணத்தை இது ஐயத்திற்குள்ளாக்கியது. பரந்த வெளிகளில் சிறு கூட்டமாக வாழ்ந்தோர் நிறைய எரித்திருக்கலாம்; நிலம் வயல்களாகவும் ஊர்களாகவும் துண்டுபட்டபின் தீ ஓட இடமின்றிப் போயிருக்கலாம்.

இக்கருத்துக்கு நம் காலத்துச் செய்மதிகள் வலுவூட்டுகின்றன. 1999ஆம் ஆண்டின் இறுதியில் ஏவப்பட்ட ‘டெரா’வும், 2002இல் ஏவப்பட்ட ‘அக்குவா’வும் உலகின் எரிந்த நிலங்களை நாள்தோறும் பதிவு செய்தன. இவ்வகைப் பதிவுகளைத் தொகுத்துக் கணித்தோர், 1997 முதல் 2016 வரை காட்டுத்தீ, புற்றீ, வயற்றீ அனைத்தும் சேர்ந்து ஆண்டொன்றுக்குச் சராசரியாக 220 கோடி தொன் காபனை வளியிற் சேர்த்தன என்றும், அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சவன்னாக்களுக்கு உரியது என்றும் கண்டனர். மற்றோர் ஆய்வு, 1998 முதல் 2015 வரையான பதினெட்டு ஆண்டுகளில் உலகில் எரிந்த நிலத்தின் பரப்பு நான்கில் ஒரு பங்களவு குறைந்ததென 2017இல் அறிவித்தது. அக்குறைவு சவன்னாக்களிலேயே மிகுதி. மேய்ச்சல் நிலம் வேலியிடப்பட்டமையும், புல்வெளி விளைநிலமானமையும் அதற்குத் தலையாய காரணங்கள் என அவ்வாய்வாளர் கூறுகின்றனர்.

இவ்வளவைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. அச்செய்மதிகள் கண்ட நிலத்துணுக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 மீற்றர் அகலமானது. ஒரு சேனைத் தீயோ ஒரு மேய்ச்சற்றரைத் தீயோ அதனுள் மறைந்துவிடலாம். 2016ஆம் ஆண்டு ஆபிரிக்காவை 20 மீற்றர் நுணுக்கமுடைய செய்மதிப் படங்களால் ஆராய்ந்தபோது, முன்னர்க் கணித்ததிலும் 80 வீதம் கூடுதலான நிலம் எரிந்தமை தெரியவந்தது. நம் நாட்டுச் சிறு தீக்களும் பெரிய கணக்குகளிலிருந்து எளிதில் நழுவக்கூடியவையே.

தீ போன இடத்தில் நீர்

உலகில் நிகழ்ந்த இம்மாற்றத்தின் சிறு உருவை நம் பிரதேசத்திலேயே காணலாம். தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கிய ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டுவதற்காக, 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அதன் பயனாக, முன்னர்க் காடும் புற்றரையுமாகக் கிடந்த பெருநிலம் வாய்க்கால் நீர் பாயும் வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் மாறியது. வயலான புற்றரையில் கச்சான் காலத்துத் தீ நின்றது. ஆனால் பச்சைவீட்டு வாயு நின்றதா?

நீர் கட்டி நிற்கும் வயலின் சேற்றில் ஒட்சிசன் இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் வேரையும் வைக்கோலையும் சிதைத்து மெதேனை ஆக்குகின்றன. அது நெற்பயிரின் தண்டு வழியே குழாயில் ஏறுவது போல் ஏறி வெளியேறுகின்றது. இடைவிடாது நீர் நிற்கும் வயலில் ஒரு ஹெக்டேயருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோகிராம் மெதேன் என்பது தெற்காசியாவிற்கென 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட வழிகாட்டி தரும் சராசரி. நூறு நாட் பயிருக்கு அது 85 கிலோகிராம். முன்னர்க் கண்ட புற்றரைத் தீயின் மெதேனோ 9.2 கிலோகிராம். ஆகவே ஒரு போக நெல், அதே அளவு புற்றரையின் ஓராண்டுத் தீயைப் போல் ஒன்பது மடங்கு மெதேனைத் தரக்கூடும். பெரும்போகமும் சிறுபோகமும் செய்யும் நிலத்தில் அது இன்னும் பெருகும்.

இதனைக் கொண்டு வயலைப் பழித்தல் பேதைமை. புற்றரை எரிந்ததனால் ஊர் உண்ணவில்லை; வயல் விளைந்ததனால் உண்டது. நாம் இதனாற் பெறும் பாடம் வேறு: தீயின் வாயு குறைந்தது என்னும் ஒரு வரியை மட்டும் படித்து, நிலத்தின் வாயு குறைந்தது என முடிவு செய்தல் தவறாகும். உலகக் கணக்கும் இதனையே காட்டுகின்றது. 2008 முதல் 2014 வரையான காலத்தில், அதற்கு முந்திய ஏழாண்டுகளை நோக்கத் தீயினால் எழும் மெதேன் ஆண்டுக்கு ஏறத்தாழ 37 இலட்சம் தொன் குறைந்திருந்தது. அவ்வாண்டுகளிலேயே வளிமண்டல மெதேன் மீண்டும் ஏறத் தொடங்கியது. அதில் காபன்-13 இன் பங்கு குறைந்துவருதல், நுண்ணுயிர் வழி பிறந்த மெதேனின் பெருக்கத்தைச் சுட்டுகின்றது. சதுப்பு நிலங்களும் கால்நடைகளும் நெல்வயல்களும் அவ்வழியைச் சார்ந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டில் நூறு கோடி வளி மூலக்கூறுகளுள் ஏறத்தாழ 720 ஆக இருந்த மெதேன் இன்று 1900ஐக் கடந்துள்ளது.

இதற்குரிய மாற்றும் வயலிலேயே உண்டு. நீரை இடையிடையே வடித்து மண்ணை உலரவிட்டுப் பின் பாய்ச்சினால் மெதேன் ஏறக்குறையப் பாதியாகும் என மேற்படி வழிகாட்டியே கொள்கின்றது. நீர்ச்சிக்கனமும் அதனோடு கிட்டும்.

தீயிடுங் காலம்

புற்றரையாகவே நிலைக்கும் நிலத்தில் வாயுவைக் குறைக்க வழியுண்டா? தீயைத் தடுப்பதே ஒரே வழி எனத் தோன்றலாம். வட அவுஸ்திரேலியாவின் ஆர்னம் நிலத்துத் தொல்குடியினர் வேறொரு வழியைக் காட்டினர். மழை ஓய்ந்த சில வாரங்களில், புல் பாதி உலர்ந்து பாதி பசுமையாய் இருக்கும்போது, அவர்கள் தம் முன்னோர் முறைப்படி சிறு சிறு திட்டுகளாகத் தீயிடுவர். இரவுப் பனியில் அத்தீ தானே அவியும். எரிந்த திட்டுகள் பின்னர் வரும் பெருந்தீக்கு அரணாகின்றன. 2006ஆம் ஆண்டு முதல், 28,000 சதுர கிலோமீற்றர் நிலத்தில் இம்முறையைக் கைக்கொண்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ ஓரிலட்சம் தொன் காபனீரொட்சைட்டுக்கு ஒப்பான வாயுவை அவர்கள் குறைத்தனர். டார்வின் நகரில் இயங்கிய எரிவாயு நிறுவனமொன்று அதற்கு ஊதியமும் வழங்கியது.

இதன் காரணம் எளிது. மரஞ்செறிந்த சவன்னாவில் வறட்காலத் தொடக்கத்துத் தீ, உள்ள எரிபொருளில் 40 வீதத்தையே உண்ணும். நடுவிலும் முடிவிலும் எரியுந் தீ 74 வீதத்தை உண்ணும். ஐந்து தொன் எரிபொருளுள்ள ஹெக்டேயரில் முன்னையது இரண்டு தொன்னையும், பின்னையது 3.7 தொன்னையும் எரிக்கும். மெதேன் முறையே 4.6 கிலோகிராமும் 8.5 கிலோகிராமும் ஆகும். ஈரப்புல் எரியும்போது கிலோகிராமுக்குரிய மெதேன் சற்றுக் கூடலாம் என்னும் தடையும் உண்டு. எனவே எந்நாளிலே தீயிடுவது என்பதை அவ்வந்நிலத்தில் அளந்தே தீர்மானித்தல் வேண்டும். அவுஸ்திரேலியாவின் பரந்த வெளிக்குப் பொருந்துவது, யானையும் மானும் ஒதுங்க வேறிடம் குறைந்த நம் சிறு புற்றரைக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளவும் இயலாது. ஆயினும், நம் நாட்டில் கச்சான் உரத்து வீசும் வேளையில் இடப்படும் தீயே கன்றுகளையும் மண்ணையும் மிகுதியும் அழிக்கின்றது என்பதைப் பட்டிக்காரரும் வனத்துறையினரும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் நன்று.

முடிவுரை

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குங்கால் மூன்று உண்மைகள் புலனாகும். புற்றரைத் தீயின் காபனீரொட்சைட்டு, புல் மீளும் வரையில், மீள்வது. மெதேனும் நைதரசு ஒட்சைட்டுமே எஞ்சுபவை. இத்தீ காலப்போக்கிற் குறைந்து வந்துள்ளது. நிலம் கைமாறி வயலும் வேலியுமானமை அதற்குப் பெருங்காரணம். அவ்வாறு குறைந்ததை ஆதாயமாக எழுதுமுன், அந்நிலத்தின் புதிய பயன்பாடு எவ்வளவு வாயுவைத் தருகின்றது என்பதையும் அடுத்த பத்தியில் எழுதிப் பார்த்தல் வேண்டும்.

இலங்கை 1993இல் ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றச் சமவாயத்தையும், 2016இல் பாரிசு உடன்படிக்கையையும் ஏற்புறுதி செய்த நாடாகும். அதன் வழியே தன் வாயுக் கணக்கை உலகிற்கு ஒப்புவிக்கும் கடப்பாடு நமக்குண்டு. பிறநாட்டு நிலத்தில் அளந்த சராசரிகளையே நம் புற்றரைக்கும் எடுத்தாள வேண்டியிருத்தல் அக்கணக்கின் குறைபாடு. அதனை நீக்குதற்கு நம் மாணவரும் உதவலாம். உரிய அனுமதி பெற்று, புற்றரையில் ஒரு மீற்றர்ச் சதுரத்தை அளந்து, அதிலுள்ள புல்லை அறுத்து, நன்கு உலர்த்தி நிறுக்கட்டும். 500 கிராம் இருப்பின் ஹெக்டேயருக்கு ஐந்து தொன் என்பது பெறப்படும். தீ நிகழ்ந்தபின் பக்கத்தே மற்றொரு சதுரத்தில் எஞ்சியதை நிறுத்தால் எரிந்த பங்கும் தெரியும். தீ நிகழ்ந்த திகதியையும் அன்றைய காற்றையும் குறித்து வைக்கட்டும். ஒரு தராசும், அளவுநாடாவும், பல ஆண்டுகள் விடாது தொடரும் பொறுமையுமே இதற்கு வேண்டுவன. அவ்வேடு நிறையும்போது, மேற்கே எழும் புகையைப் பற்றி நம்மவர் பேசும் பேச்சு ஊகத்தினின்று அறிவுக்கு உயரும்.